ஊமைக்காயம்: முதல் இரண்டு நாள் தேய்க்காதீர்கள்

பள்ளி மைதானத்தில் மாலைநேரக் கபடிப் பயிற்சி. பாடிப் போன பையனின் முழங்கால், பிடிக்க வந்தவனின் தொடையில் நேராக இறங்கியது. தோல் கிழியவில்லை, ஒரு சொட்டு ரத்தம் வெளியே வரவில்லை. விழுந்தவனைச் சுற்றி நான்கு பேர் கூடிவிட்டார்கள். ஒருவன் தொடையை இரண்டு கையாலும் பிசைய ஆரம்பித்தான். இன்னொருவன் பையிலிருந்து வலித்தைலப் புட்டியை எடுத்தான். நான் ஓடிப்போய் முதலில் செய்தது, அந்தக் கைகளை விலக்கியதுதான்.

உடற்கல்வி ஆசிரியராக வேலை பார்க்கிற எனக்கு இந்தக் காட்சி புதிதல்ல. பல ஆண்டுகளுக்கு முன் இதே மாதிரி தொடையில் அடி வாங்கிய ஒரு மாணவனை வீட்டார் மூன்று நாள் தொடர்ந்து சூடான எண்ணெய் போட்டு உருவிவிட அழைத்துப் போனார்கள். எல்லோரும் அக்கறையோடு செய்ததுதான். மூன்றாவது வாரம் தொடைக்குள் கூழாங்கல் போல ஒரு கட்டி தட்டுப்பட்டது. எக்ஸ்ரே எடுத்தபோது தசைக்குள் எலும்பு வளரத் தொடங்கியிருப்பது தெரிந்தது. ரத்தம் கட்டிய தசையை ஓயாமல் பிசைந்தால் இப்படி ஆகக்கூடும் என்று எலும்பு மருத்துவர் சொன்னார். அந்த ஆண்டு முழுக்க அவன் களத்தில் இறங்கவில்லை.

அன்றிலிருந்து பெற்றோர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: ஊமைக்காயத்துக்கு நாள்கணக்கு உண்டு. நம் வீட்டு ஒத்தடம் நல்லதுதான். ஆனால் நாலாம் நாள் குணமாக்குகிற அதே ஒத்தடம் முதல் நாள் கெடுத்துவிடும். நான் மருத்துவன் அல்லன். மைதானத்தில் பல வருடங்களாகப் பார்த்ததையும், மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

தோலுக்கு அடியில் நடப்பது

ரத்தக்கட்டு என்பார்கள், கன்றிப்போய்விட்டது என்பார்கள், உள்காயம் என்பார்கள். எனக்குப் பிடித்தது ஊமைக்காயம் என்ற சொல். வாய் திறக்காத காயம். தோல் முழுசாக இருக்கும், உடைந்தது உள்ளே.

அடி விழும்போது தோலுக்குக் கீழே இருக்கும், மயிரிழையைவிட மெல்லிய ரத்தக்குழாய்கள் நசுங்கி உடைகின்றன. ரத்தம் கசிந்து சதைக்குள் தேங்குகிறது. சில நிமிடங்களுக்குள் ரத்தத்தின் தட்டணுக்கள் கூடி உடைப்பை அடைக்கத் தொடங்குகின்றன. ஆனால் அந்த அடைப்பு முதல் ஒன்றிரண்டு நாள் இளகியேதான் இருக்கும். வரப்பு உடைந்த இடத்தில் இப்போதுதான் மண் வெட்டிப் போட்டு மிதித்திருக்கிறோம். ஈரம் காய்வதற்குள் வாய்க்காலில் முழுத் தண்ணீரையும் திறந்துவிட்டால் என்ன ஆகும்? சூடு வைப்பது அப்படித்தான். ரத்தக்குழாய்கள் விரிந்து ஓட்டம் கூடுகிறது. தேய்ப்பது அதைவிட மோசம், போட்ட மண்ணையே கலைத்துவிடுகிறது.

அடைப்பு உறுதியானபின் உடல் துப்புரவு வேலையைத் தொடங்குகிறது. தேங்கிய ரத்தத்தின் சிவப்பணுக்களை வெள்ளணு வகையைச் சேர்ந்த செல்கள் விழுங்கிச் செரிக்கின்றன. சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபின் முதலில் பிலிவெர்டின் என்ற பச்சைப் பொருளாகவும், பிறகு பிலிருபின் என்ற மஞ்சள் பொருளாகவும் மாறுகிறது. மஞ்சள் காமாலையில் கண்ணை மஞ்சளாக்குவதும் இதே பிலிருபின்தான். காயம் சிவந்து, நீலம் பாய்ந்து, பச்சையாகி, மஞ்சளாகி மறைவதன் காரணம் இதுதான். பெரும்பாலான ஊமைக்காயங்கள் இரண்டு வாரத்தில் மறைந்துவிடும். முகத்தில் சீக்கிரம் ஆறும், முழங்காலுக்குக் கீழே தாமதமாகும். கணுக்காலில் இரும்புச்சத்து படிந்து பழுப்புத் தடம் சில மாதங்கள் வரை நிற்பதும் உண்டு.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். புத்தகங்களில் காட்டும் ஊதா, பச்சை, மஞ்சள் படங்கள் பெரும்பாலும் வெளுத்த தோலில் எடுத்தவை. நம் மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் அந்த நிறங்கள் அப்படித் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருமை கூடியிருக்கும், அவ்வளவுதான். சில நேரம் அதுவும் தெரியாது. ஆகவே கண்ணை மட்டும் நம்பாதீர்கள். புறங்கையை வைத்து வெப்பம் பாருங்கள், விரல் நுனியால் மெல்லத் தொட்டுக் கெட்டித்தன்மை பாருங்கள், அடிபடாத பக்கத்தோடு ஒப்பிடுங்கள். "ஒன்றும் தெரியவில்லையே, நடிக்கிறான்" என்று ஒரு பிள்ளையையும் சொல்லிவிடக் கூடாது.

முதல் படி: வீட்டில் வைத்துப் பார்க்கலாமா?

வைத்தியத்தைத் தொடங்கும் முன் இரண்டு நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். அடிபட்டவரை எழுப்பி நடக்கவைக்க அவசரப்படாதீர்கள். எப்படி விழுந்தார், எதில் இடித்தது என்று கேளுங்கள். மெத்தென்ற தொடையில் அடியா, எலும்பின்மேல் அடியா என்று பாருங்கள்.

எலும்பு முறிவைச் சந்தேகிக்க வேண்டிய இடங்கள் உண்டு. கை கால் வடிவம் மாறியிருக்கிறது, காலை ஊன்றி நான்கு அடிகூட வைக்க முடியவில்லை, எலும்பின்மேல் ஒரே புள்ளியில் தொட்டால் உயிர் போகிறது என்றால் அது வீட்டில் பார்க்கும் காயம் அல்ல. கட்டை வைத்து அசையாமல் கட்டி அழைத்துப் போங்கள். கட்டுப் போடுபவரிடம் போவதாக இருந்தாலும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுப் போங்கள் என்பேன். முறிந்ததா இல்லையா என்பது விரலுக்கு எப்போதும் தெரியாது.

வயிற்றில் அடி என்றால் எனக்குத் தூக்கம் வராது. சைக்கிளில் இருந்து விழும் பிள்ளைகளுக்கு ஹேண்டில்பார் முனை வயிற்றில் குத்திவிடும். வெளியே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத்தான் தடம் இருக்கும். உள்ளே மண்ணீரலோ கணையமோ கல்லீரலோ அடிபட்டிருக்கலாம். வயிறு வலி கூடுகிறது, வயிறு இறுகுகிறது, வாந்தி வருகிறது, முகம் வெளிறுகிறது, தோள்பட்டையில் காரணமில்லாமல் வலிக்கிறது என்றால் உடனே 108 அழையுங்கள். காரில் சீட் பெல்ட் அழுத்திய தடம் நெஞ்சிலோ வயிற்றிலோ கோடாக விழுந்திருந்தாலும் மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

இன்னொன்று, கெண்டைக்காலிலோ முன்கையிலோ பலத்த அடி விழுந்து சில மணி நேரத்தில் அந்த இடம் பலகை போல இறுகிவிடுவது. காயத்தின் அளவுக்குப் பொருந்தாத கடும் வலி இருக்கும். விரல்களை யாராவது மெல்ல நீட்டினாலே அலறுவார்கள், விரல்கள் மரத்துப்போகும். உள்ளே அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் தடைபடுகிறது என்று பொருள். அறுவை சிகிச்சை தேவைப்படும் அவசரம் அது. சில மணி நேரத் தாமதம் தசையையே பறித்துவிடும். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

தலை அடியைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன். மேலே சொன்னவை எதுவும் இல்லை, தோல் கிழியவில்லை, விரல்கள் நன்றாக அசைகின்றன, வலி பொறுக்கும் அளவில் இருக்கிறது என்றால் வீட்டிலேயே பார்க்கலாம்.

இரண்டாம் படி: குளிர்ச்சி

அடிபட்ட அரைமணி நேரத்துக்குள் குளிர்ச்சி வைப்பது நல்லது. ரத்தக்குழாய்கள் சுருங்கும், கசிவு குறையும், வலியும் மரத்துப்போகும்.

ஐஸ் பேக் இல்லையே என்று மருந்துக்கடைக்கு ஓட வேண்டியதில்லை. ஐஸ் கட்டிகளை ஒரு பாலித்தீன் பையில் போட்டு, ஈரமான மெல்லிய துண்டில் சுற்றினால் போதும். ஐஸ் கட்டி இல்லாவிட்டால் குளிர்ப்பெட்டியில் இருக்கும் பால் பாக்கெட். நான் சொல்லும்போது பலர் சிரிப்பார்கள், ஆனால் முழங்காலின் வளைவுக்கு அது படிந்து உட்காருவது போல வேறெதுவும் உட்காராது. குளிர்ப்பெட்டியே இல்லாத வீட்டில் மண்பானைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றி மாற்றிப் போடலாம். மீன் கடையில் கேட்டால் ஒரு கைப்பிடி ஐஸ் தரமாட்டேன் என்று யாரும் சொல்வதில்லை. பையில் போட்டே பயன்படுத்துங்கள், தோலில் நேராகப் படவேண்டாம்.

எந்த ஐஸையுமே வெறும் தோலில் நேராக வைக்கக் கூடாது. தோல் வெந்ததுபோல் ஆகிவிடும். துணிக்கு மேலே வைத்து 10 முதல் 15 நிமிடம், மிஞ்சிப்போனால் 20. முதல் ஐந்து நிமிடத்தில் ஒருமுறை துணியை விலக்கித் தோலைப் பாருங்கள். வெளிறியோ கொப்புளித்தோ இருந்தால் எடுத்துவிடுங்கள். பிறகு இரண்டு மூன்று மணி நேர இடைவெளி விட்டு மறுபடி வைக்கலாம். முதல் நாள் முழுக்கவும், வீக்கம் இருந்தால் இரண்டாம் நாளும் செய்யலாம். இரவில் எழுப்பி வைக்க வேண்டாம், தூங்கட்டும்.

ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கு அங்க முறையை 1978-இல் பரப்பியவர் அமெரிக்க விளையாட்டு மருத்துவர் கேப் மிர்கின். பின்னாளில் அவரே, ஐஸை நாள்கணக்கில் வைத்துக்கொண்டே இருந்தால் ஆறுவது தாமதப்படலாம் என்று தம் கருத்தை மாற்றிக்கொண்டார். வீக்கம் என்பதும் உடலின் பழுதுபார்க்கும் வேலையில் ஒரு பகுதிதானே. ஆகவே ஐஸ் வலியைத் தணிக்கவும் முதல் கசிவை அடக்கவும் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாளும் ஐஸ் பையோடு உட்கார்ந்திருப்பதில் பயன் இல்லை.

சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு எச்சரிக்கை. ஐஸ் சுடுவதோ வெந்நீர் சுடுவதோ அவர்களுக்குத் தெரியாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து தோலைப் பார்த்துக்கொண்டே வைக்க வேண்டும். இல்லையென்றால் வைக்காமல் இருப்பதே மேல்.

மூன்றாம் படி: கட்டும் உயரமும்

மருந்துக்கடையில் கிரேப் பேண்டேஜ் என்று கேட்டால் தருவார்கள். கையிலோ காலிலோ அடிபட்டிருந்தால் இதை இதமாகச் சுற்றலாம். சுற்றுவதற்கு ஒரு திசை உண்டு. உடலுக்குத் தூரமான பக்கத்தில் தொடங்கி உடலை நோக்கி வர வேண்டும். கணுக்கால் என்றால் கால்விரல்களின் அடியில் தொடங்கி மேலே ஏறுங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடட்டும். மேலே இருந்து கீழே சுற்றினால் நீர் பாதத்தில் தேங்கிப் பாதம் உப்பிவிடும்.

சுற்றி முடித்ததும் கால் கட்டைவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். வரவில்லை என்றாலோ, விரல் சில்லிட்டாலோ, ஊசி குத்துவதுபோல் இருந்தாலோ கட்டைத் தளர்த்துங்கள். படுக்கும்போது அவிழ்த்துவிடுங்கள்.

படுத்த நிலையில் அடிபட்ட காலைத் தலையணைமேல் நெஞ்சைவிட உயரமாக வையுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து முக்காலியில் கால் நீட்டுவது போதாது. அப்போது கால் நெஞ்சைவிடத் தாழ்வாகத்தான் இருக்கிறது.

தொடையின் முன்பக்கத்தில் அடிபட்டவர்களுக்கு மட்டும் ஒரு நுணுக்கம். முதல் நாளில் முழங்காலை வலி பொறுக்கும் அளவுக்கு மடித்த நிலையில் வைத்துக் குளிர்ச்சி கொடுங்கள். தசை நீண்டு இறுகிய நிலையில் இருப்பதால் ரத்தம் தேங்க இடம் குறைவு, பிறகு காலை மடக்க முடியாமல் விறைத்துப்போவதும் குறைவு. அன்று மைதானத்தில் அந்தப் பையனுக்கு நான் செய்தது இதுதான். சுவரோரம் சாய்ந்து உட்காரவைத்து, காலை மடித்து, தண்ணீர்ப் பந்தலில் இருந்து வாங்கிய ஐஸைத் துண்டில் கட்டித் தொடைமேல் வைத்தேன்.

நான்காம் படி: வலிக்கு எந்த மாத்திரை?

வலி இருந்தால் பாராசிட்டமால். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு வேளைக்கு ஒன்று, தேவைப்பட்டால் இரண்டு. வேளைக்கு வேளை நான்கு முதல் ஆறு மணி நேரம் இடைவெளி வேண்டும். ஒரு நாளில் மொத்தம் 4 கிராமைத் தாண்டவே கூடாது. சளிக்காக வாங்கிய மாத்திரையிலும் பாராசிட்டமால் சேர்ந்திருக்கும், அட்டையைப் படித்துக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லீரல் நோய் உள்ளவர்களும் தினமும் மது அருந்துபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். குழந்தைகளுக்கு எடைதான் கணக்கு, ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம்.

ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவை தட்டணுக்களின் வேலையை மந்தமாக்குபவை. முதல் இரண்டு நாள் தாமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மருத்துவர் சொல்லாமல் குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் எப்போதுமே ஆகாது. மழைக்காலத்தில் இன்னும் கவனம் தேவை. காய்ச்சலும் இருக்கிறது, உடம்பில் கன்றலும் தெரிகிறது என்றால் டெங்குவாக இருக்கலாம். டெங்குவில் இந்த மாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.

இதய நோய்க்காக ஏற்கெனவே ஆஸ்பிரின், குளோபிடோகிரல், வார்ஃபரின் போன்ற ரத்தத்தை இளக்கும் மருந்துகள் சாப்பிடுகிறவர்கள், கன்றிவிட்டது என்பதற்காகத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் வரும் ஆபத்து கன்றலைவிடப் பெரியது. மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள்.

ஐந்தாம் படி: இனி ஒத்தடம்

48 மணி நேரம் கடந்து, வீக்கம் கூடுவது நின்றுவிட்டது என்றால் இப்போது சூட்டின் முறை. உடைப்பு உறுதியாக அடைபட்டுவிட்டது. இனி ரத்த ஓட்டம் கூடினால் தேங்கியதை அள்ளிக்கொண்டு போகும்.

நம் பாட்டிமார் கையில் இதற்கு எத்தனை வகை! கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்த ஒத்தடம், தவிட்டு ஒத்தடம், நொச்சியிலையை வதக்கிக் கட்டும் ஒத்தடம், ஆமணக்கு இலையில் விளக்கெண்ணெய் தடவி அனலில் வாட்டிப் போடுவது. எது உங்களுக்குக் கைவருமோ அதைச் செய்யுங்கள். உப்பும் தவிடும் உலர்ந்த சூடு, இலைகள் ஈரச் சூடு, வேலை செய்வது பெரும்பாலும் அந்த இதமான வெப்பம்தான். வெந்நீர்ப் பையும் அதே வேலையைச் செய்யும். ஒரு வேளைக்கு 10 முதல் 15 நிமிடம், நாளைக்கு மூன்று வேளை.

சூடு பார்க்கும் முறையை என் அம்மாவிடம் கற்றேன். முடிச்சை அடிபட்ட இடத்தில் வைக்கும் முன் தன் உள்மணிக்கட்டில் வைத்து மூன்று எண்ணுவார். தன்னால் எடுக்காமல் வைத்திருக்க முடிந்தால்தான் எங்கள்மேல் வைப்பார். வறுத்த உப்பு வெளியே ஆறியதுபோல் இருந்தாலும் உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும், அதனால் முடிச்சை ஒருமுறை குலுக்கிவிட்டுப் பார்ப்பார். வைத்து அழுத்த மாட்டார், ஒற்றி ஒற்றி எடுப்பார். ஒத்தடம் என்ற பெயரே அந்த ஒற்றுதலில் இருந்து வந்ததுதானே.

இந்தக் கட்டத்தில் மெல்ல அசைக்கத் தொடங்கலாம். கணுக்காலைச் சுழற்றுங்கள், முழங்காலை மடக்கி நீட்டுங்கள், வலி தொடங்கும் இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஆழமாக உருவுவது, சுளுக்கு எடுப்பதுபோல இழுப்பது இன்னும் கூடாது.

பற்றுப் போடலாமா?

புளியும் உப்பும் கரைத்துக் காய்ச்சிய பற்று, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்த பற்று, மூசாம்பரத்தை (கற்றாழைச் சாற்றை உலர்த்திய கட்டி) முட்டை வெள்ளைக்கருவில் இழைத்த பற்று இவையெல்லாம் தலைமுறை தலைமுறையாக வருபவை. இவற்றை நான் ஒதுக்கிப் பேசமாட்டேன். உலர்ந்து இறுகும் பற்று அடிபட்ட இடத்தை அசையாமல் பிடித்துவைக்கிறது, அதில் கிடைக்கும் ஓய்வே பாதி மருந்து. ஆனால் கொதிக்கக் கொதிக்கப் போடாதீர்கள். முதல் இரண்டு நாள் போடவே வேண்டாம். சிராய்ப்பு இருந்தால் எப்போதும் வேண்டாம்.

மஞ்சள் சுண்ணாம்பில் எனக்கு இரண்டு தயக்கங்கள் உண்டு. சுண்ணாம்பு காரம், அளவு கூடினால் தோலைப் புண்ணாக்கிவிடும். குழந்தைத் தோலில் நானே அந்தப் புண்ணைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது, சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் ரத்தச் சிவப்பாக மாறித் தோலில் ஏறிவிடும். அடியில் கன்றல் பரவுகிறதா, சிவக்கிறதா, குறைகிறதா என்று எதுவும் தெரியாது. காயத்தைக் கவனிக்கும் கண்ணைக் கட்டிவிடுவது போல ஆகிவிடுகிறது.

வலித்தைலங்கள் குளிர்வதுபோலவோ எரிவதுபோலவோ உணர்வைத் தந்து வலியை மறக்கடிப்பவை. தேங்கிய ரத்தத்தை அவை ஒன்றும் செய்வதில்லை. மூன்றாம் நாளுக்குப் பிறகு மேலாகத் தடவிக்கொள்ளலாம், தேய்த்து ஏற்ற வேண்டாம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் கலந்த களிம்புகளை முதல் நாளும், திறந்த புண்ணிலும் போடாதீர்கள். ஊசியால் குத்தி "கெட்ட ரத்தத்தை" வெளியேற்றுவது, அட்டை விடுவது இரண்டும் வீட்டில் செய்யவே கூடாதவை. தோல் மூடியிருக்கும்வரை உள்ளே கிருமி இல்லை, குத்தினால் நாமே வழி திறந்துவிடுகிறோம்.

தலையில் அடிபட்டால்

குழந்தை கட்டிலில் இருந்து விழுந்து நெற்றி புடைத்துவிட்டால் அம்மா செய்வது என்ன? முந்தானையைச் சுருட்டி, வாயால் ஊதி, அந்த வெதுவெதுப்போடு புடைப்பின்மேல் ஒற்றுவார். அந்தச் சூடு கெடுதல் செய்யும் அளவுக்கு இல்லை. அழுத குழந்தை அடங்குவதற்கு அதைவிட நல்ல மருந்தும் இல்லை. அது முடிந்ததும் குளிர்ந்த எவர்சில்வர் டம்ளரையோ துணியில் சுற்றிய ஐஸையோ மெல்ல வையுங்கள். புடைப்பை அழுத்தி உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள்.

நெற்றிப் புடைப்பு இரண்டாம் நாள் இறங்கி, கண்ணிமை கன்றி வீங்குவதைப் பார்த்துப் பலர் பதறிப்போவார்கள். தேங்கிய ரத்தம் கீழே வடிகிறது, பெரும்பாலும் அவ்வளவுதான். தொடையில் பட்ட அடி முழங்காலருகே கன்றலாக வந்து நிற்பதும் இதே காரணத்தால்தான். ஆனால் நெற்றியில் அடியே படாமல் இரண்டு கண்களைச் சுற்றியும் கன்றினாலோ, காதுக்குப் பின்னால் கன்றினாலோ அது மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்ததன் அடையாளமாக இருக்கலாம்.

நினைவு தப்பியது (ஒரு நொடியானாலும்), மீண்டும் மீண்டும் வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, பேச்சுக் குழறல், தடுமாற்றம், வலிப்பு, கருவிழிப் பாவைகள் அளவில் வேறுபடுதல், மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிதல், எழுப்பினால் எழாத மயக்கம் இவற்றில் எது இருந்தாலும் 108. தலையில் அடிபட்ட குழந்தையைத் தூங்கவே விடக்கூடாது என்பார்கள். வழக்கமாகத் தூங்கும் நேரத்தில், நன்றாக விளையாடிவிட்டுத் தூங்கினால் தூங்கட்டும், இடையிடையே பாருங்கள். அடிபட்ட சற்று நேரத்தில் வழக்கமில்லாத உறக்கம் வந்தால் அது உறக்கம் அல்ல என்று வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

வயதானவர்கள், அதிலும் ரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் தலையில் இடித்துக்கொண்டால் அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மூளையைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும் ரத்தம் சில வாரம் கழித்துத் தடுமாற்றமாகவும் மறதியாகவும் வெளிப்படலாம். "வயசாகிவிட்டது, அதான்" என்று அதை விட்டுவிடுவதைக் கண்டிருக்கிறேன், மனம் ஆறுவதில்லை.

நகமும் காதும் கண்ணும்

கதவிடுக்கில் விரல் நசுங்கினால் நகத்துக்கு அடியில் ரத்தம் தேங்கிக் கறுத்து, இதயம் அங்கேயே துடிப்பதுபோல் விண்விண்ணென்று வலிக்கும். கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்துக் குளிர்ச்சி வையுங்கள். வலி பொறுக்க முடியாவிட்டால் மருத்துவர் நகத்தில் சிறு துளை போட்டு ரத்தத்தை விடுவார், அந்த நொடியே வலி இறங்கும். ஊசியைக் காய்ச்சி வீட்டில் அதைச் செய்து பார்க்காதீர்கள்.

காதுமடலில் அடிபட்டு அது பஞ்சுபோல் உப்பினால் ஓரிரு நாளுக்குள் மருத்துவரிடம் போய் ரத்தத்தை எடுத்துவிட வேண்டும். கபடி, மல்யுத்தம் ஆடும் பிள்ளைகளுக்கு இது அடிக்கடி நேரும். விட்டுவிட்டால் காது சுருண்டு அப்படியே நின்றுவிடும். கண்ணில் அடி என்றால் பார்வை மங்கினாலோ, இரண்டாகத் தெரிந்தாலோ, கருவிழிக்குள் ரத்தம் தெரிந்தாலோ கண் மருத்துவர்தான்.

அடிபடாமல் வரும் கன்றல்

எங்கே இடித்தது என்று தெரியாமல் அடிக்கடி கன்றுகிறது, அத்துடன் ஈறில் ரத்தம், மூக்கில் ரத்தம், அளவுக்கு மீறிய மாதவிடாய் என்று சேர்ந்து வந்தால் ரத்தப் பரிசோதனை தேவை. தோலில் கடுகளவு சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் கண்ணாடி டம்ளரை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் மறையாத புள்ளிகள் தோலுக்கடியில் கசிந்த ரத்தம். காய்ச்சலோடு அவை வந்தால் அன்றே மருத்துவமனை. சிறு இடிப்புக்கே மூட்டு வீங்கிவிடும் ஆண்பிள்ளைகளுக்கு ஹீமோஃபீலியா என்ற, ரத்தம் சரியாக உறையாத பிறவி நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதியவர்களின் முன்கையில் தொட்டாலே கன்றுவது பெரும்பாலும் தோல் மெலிந்ததால் வருவது.

பிறந்த குழந்தையின் முதுகிலும் பிட்டத்திலும் காணும் நீலத் திட்டுகள் நம் குழந்தைகளுக்கு மிகச் சாதாரணம். அவை கன்றல் அல்ல, வளர வளர மங்கிவிடும். ஆனால் தவழவே தொடங்காத குழந்தையின் உடலில் உண்மையான கன்றல் இருந்தால் மருத்துவரிடம் காட்டாமல் இருக்காதீர்கள். ஓடியாடும் பிள்ளைக்கு முழங்காலிலும் முன்னங்காலிலும் நெற்றியிலும் கன்றுவது இயல்பு. காதிலும் கழுத்திலும் முதுகிலும் கன்றுவது இயல்பல்ல. ஒரு மாணவியின் மேல்கையில் விரல்கள் பதிந்த தடத்தை நான் ஒருமுறை கண்டேன். ஐஸ் வைத்துவிட்டு அனுப்பிவிடவில்லை. குழந்தைகளுக்கான உதவி எண் 1098, பெண்களுக்கான உதவி எண் 181, இரண்டும் கட்டணமில்லாதவை.

மறுபடி விளையாட எப்போது?

முதல் நாளே கன்றலின் ஓரத்தைப் பேனாவால் வரைந்து, பக்கத்தில் தேதி எழுதிவையுங்கள். வீக்கம் கோட்டைத் தாண்டிப் பெரிதாகிக்கொண்டே போனால், ஒரு வாரத்தில் வலி குறையாவிட்டால், சிவந்து கொதித்துக் காய்ச்சல் கண்டால், இரண்டு மூன்று வாரத்தில் உள்ளே கெட்டியான கட்டி தட்டுப்பட்டால் மருத்துவரிடம் போங்கள். நிறம் இருக்கிறதே என்று விளையாட்டை நிறுத்திவைக்க வேண்டியதில்லை, நிறம் போய்விட்டதே என்று இறக்கிவிடவும் கூடாது. பார்க்க வேண்டியது அசைவும் பலமும்.

தொடை அடிக்கு நான் வைத்திருக்கும் சோதனை எளியது. குப்புறப் படுத்து முழங்காலை மடக்கி, நல்ல கால் போலவே அடிபட்ட காலின் குதிகாலும் பிட்டத்தை நெருங்க வேண்டும். பிறகு வலியில்லாமல் குந்தி எழ வேண்டும், ஒற்றைக் காலில் குதிக்க வேண்டும். அந்தக் கபடிப் பையன் முதல் வாரம் பாதிகூட மடக்கவில்லை. அவன் பாட்டி மூன்றாம் நாளில் இருந்து உப்பு ஒத்தடம் கொடுத்துவந்தார். பன்னிரண்டாம் நாள் குதிகால் தொட்டுவிட்டது. அன்றும் அவனைப் பாடிப் போக விடவில்லை, ஓரமாக மெல்ல ஓடச் சொன்னேன். மேலும் நான்கு நாள் கழித்து, தொடையில் பஞ்சுப் பட்டை வைத்துக் கட்டி, மூலையில் பிடிக்கும் இடத்தில் நிறுத்தினேன்.